துவர்க்கும் வரை

மேகம் தரையில் இறங்கி நடமாடுகிற மலை அது. உச்சிப் பகலிலும் எதிரில் வருபவரின் முகம் தெரியாது. குரல்தான் முதலில் வரும், ஆள் பிறகு வருவார். சில சமயம் குரல் மட்டும் வரும், ஆள் வரமாட்டார். மலைக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அங்கே மாதி என்றொரு பெண் பார்லியில் மது இறக்கிப் பிழைத்துவந்தாள். ஒருநாள் சமவெளியிலிருந்து நாச்சிமுத்து என்பவர் அவளைத் தேடி ஏறி வந்தார். தலை முழுக்க நரைத்தவர், மாதிக்குத் தகப்பன் வயது இருக்கும். பின்னால் சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் ஒரு மயிலைப் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இந்தா பாருங்க அம்மிணி, நான் உங்ககிட்டச் சீடனா இருக்கோணும்" என்றார்.

மாதி சிரித்தாள். "நான் மது எறக்கறவளுங்கண்ணா. சாமியாரம்மா வேணும்னா வேற மலை பாருங்க. எங்கிட்ட இருந்து என்ன கத்துக்கப் போறீங்க, குடிக்கவா?"

"குடிக்கறதில்லீங்க. கேக்கோணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மலையில் அந்த ஒரு சொல் போதும்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது இறந்துபோனால், அவர் உடுத்திய துணியை நனைத்து, ஒரு கை பார்லியை அதில் முடிந்து முளைகட்டுவார்கள். அந்த ஒரு கைத் தானியத்தை மற்ற முளைத் தானியத்தோடு கலந்து, காயவைத்து, உடைத்து, பெரிய மரத்தொட்டியில் வெந்நீர் விட்டு ஊறப்போடுவார்கள். மாவு முழுவதும் இனிப்பாக மாறியதும் தொட்டியின் அடியில் இருக்கும் தக்கையைத் தளர்த்திவிட்டு, மேலே சுடுநீரை மெல்ல மெல்லத் தெளிப்பார்கள். தானியத்தைக் கழுவிக்கொண்டு இனிப்புச் சாறு கீழே பானையில் விழும். விழுகிற சத்தத்தில் இறந்தவர் பேசுவார். சொந்தக்காரருக்கு மட்டும்தான் கேட்கும். மற்றவர்களுக்கு அது பானையில் தண்ணீர் விழுகிற சத்தம்.

பிறகு அந்தச் சாறு நுரைத்துப் புளித்து மதுவாகி ஊரார் வயிற்றுக்குள் போய்விடும். குடித்தவர்கள் யாருக்கும் எந்தக் குரலும் கேட்டதில்லை. தலைவலி மட்டும் வந்ததுண்டு.

"யாரைக் கேக்கோணும்?" என்றாள் மாதி.

"எந் தங்கச்சிங்க. பாவாத்தா."

நாச்சிமுத்து சொல்லத் தொடங்கினார். தங்கை மகனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமனான இவருக்குச் சேதி கடைசியில் வந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு எனக்குச் சொல்கிறாளா என்று இவர் போகவில்லை. பிள்ளையை யாரோ பங்காளி மடியில் வைத்துக் குத்தினார்கள். அன்றோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றுபோனது. வருஷங்கள் ஓடின. அவள் படுக்கையில் விழுந்து ஆள் அனுப்பியபோதும், உழவு முடியட்டும் என்றார். அது வெறும் வீம்பு. உழவு முடிவதற்குள் அவள் முடிந்துவிட்டாள்.

"காரியம் முடிஞ்சதும் அந்தப் பையன் இந்த மாட்டைக் கொண்டாந்து எங்க வாசல்ல கட்டினானுங்க. 'மாமன் வீட்டுல கட்டச் சொல்லி அம்மா சொல்லுச்சு'ன்னான். வேற ஒரு வார்த்தை பேசல, போயிட்டான். இந்தா பாருங்க, அவ கல்யாணத்துக்கு நான் சீராக் குடுத்த மாட்டோட கன்னு இது. உன்ற சீரே வேண்டாம்னு மூஞ்சில விட்டெறிஞ்சாளா, இல்ல நீயே பாத்துக்கன்னு ஒப்படைச்சாளா? அது தெரியாம எனக்குச் சோறு எறங்கமாட்டேங்குது."

மாதி பசுவைப் பார்த்தாள். கயிறு கழுத்தை அறுக்காமலிருக்க, கழுத்தைச் சுற்றி ஒரு பழைய சீலைத்துணி பட்டையாக மடித்துச் சுற்றியிருந்தது. அரக்கு நிறம், சாயம் போனது.

"இது யாரு சுத்தினது?"

"அவளாத்தான் இருக்கோணும். அவ சீலைதான். முளைகட்ட அது போதுங்களா?"

"போதும்" என்றாள் மாதி. "அதுக்கு இன்னும் நாளிருக்கு. மொதல்ல வேலையப் படிங்க. அப்புறம், ஒவ்வொரு பேச்சுக்கும் 'இந்தா பாருங்க' போடாதீங்க. பாத்துட்டுத்தான் இருக்கேன்."

நாச்சிமுத்து அந்த மழைக்காலம் முழுக்க அங்கேயே இருந்தார். விறகு பிளந்தார், ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தார். தொட்டியின் அடியில் மூங்கில் தட்டி போட்டு அதன்மேல் வைக்கோல் பரப்பக் கற்றுக்கொண்டார். தண்ணீரின் சூட்டைக் கையால் பார்க்கப் பழகினார்.

"எவ்வளவு சூடு இருக்கோணுங்க?"

"கைய எடுக்கத் தோணோணும். கத்தத் தோணக் கூடாது."

முதலில் விழுகிற சாறு கலங்கலாகத்தான் வரும். அதை மொண்டு, தானியம் கலையாமல் திரும்ப மேலேயே ஊற்ற வேண்டும். உமியே உமியை வடிகட்டி, கொஞ்ச நேரத்தில் சாறு தெளியும். கலங்கலில் காது வைக்கக் கூடாது என்று மாதி கண்டித்துச் சொல்லியிருந்தாள்.

"வெச்சா?"

"அதுல பேசறவங்க யாருன்னு யாருக்குந் தெரியாது."

நாச்சிமுத்து தொட்டியிலிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

ஒருநாள் ருக்கி என்ற பெண் வந்தாள். கணவனை இழந்தவள், மலைக்காரி. அவள் மது இறக்கும் கொட்டகைக்குள் போனதும் மாதியும் நாச்சிமுத்துவும் வெளியே பாறையில் உட்கார்ந்துகொண்டார்கள். கேட்கிறவர் தனியாகத்தான் கேட்க வேண்டும். உள்ளே பானையில் சாறு விழுகிற சத்தம் கேட்டது. நாச்சிமுத்துவுக்கு அது தண்ணீர்ச் சத்தமாக மட்டுமே இருந்தது. ஆனால் அவர் காலடியில் படுத்திருந்த மாதியின் நாய் எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டே பின்வாங்கிப் போனது.

ருக்கி சீக்கிரமே தானாகத் தக்கையை அடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"என்ன சொன்னாருங்க?" நாச்சிமுத்துவால் அடக்க முடியவில்லை.

"கோழிக்கூண்டைச் சாத்தச் சொன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவரு எப்பவும் அவ்வளவுதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மேகத்துக்குள் நடந்து மறைந்தாள். சற்று நேரத்தில் எங்கோ ஒரு கூண்டின் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

நாச்சிமுத்து மாதியிடம் திரும்பினார். "இதுக்கா இத்தனை பாடு? தொட்டியில இன்னும் எவ்வளவு தானியங் கெடக்கு! இன்னுங் கொஞ்சம் கழுவியிருந்தா இன்னுங் கொஞ்சம் பேசியிருப்பாரில்லீங்களா?"

மாதி எழுந்து உள்ளே போய், சந்தையில் வாங்கிவந்த கரும்பில் ஒரு துண்டு வெட்டி எடுத்துவந்தாள்.

"மெல்லுங்க."

மென்றார். சாறு நாக்கில் ஓடியது.

"இனிக்குதுங்களா?"

"நல்லா இனிக்குதுங்க."

"துப்பாதீங்க. மெல்லுங்க."

மென்றார். தாடை வலித்தது. மாதி விடுவதாக இல்லை. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்ப என்ன ருசி?"

"இனிப்பு அப்பவே போயிருச்சுங்களே."

"மெல்லுங்க."

இன்னும் கொஞ்ச நேரம் போனது.

"இப்ப?"

நாச்சிமுத்து சக்கையை வாயில் ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "என்ற எச்சில்தானுங்க."

மாதி கோடாலியை எடுத்துக்கொண்டு விறகு பிளக்கப் போய்விட்டாள்.

மழை விட்டது. பசுவின் கழுத்திலிருந்து சீலைத்துணியை நாச்சிமுத்துவே அவிழ்த்தார். பசு தலையைத் திருப்பி அந்தத் துணியை மோந்து பார்த்தது. அவர் அதை நனைத்து, ஒரு கை பார்லியை முடிந்துவைத்தார். மறுநாளே வேர் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. துணியைத் திரும்ப மாட்டின் கழுத்தில் கட்டவேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. அது கொட்டகைக் கொடியில் தொங்கியது.

காயவைத்து, உடைத்து, தானியம் தயாரான அன்று காலை இருவருமாகத் தொட்டியை நிரப்பினார்கள். வெந்நீர் பட்டதும் கொட்டகை முழுக்கக் கஞ்சி வாசமும் தேன் வாசமுமாக எழுந்தது. ஊறட்டும் என்று சாக்குப் போட்டு மூடினார்கள். மாதி கம்பளியைப் போர்த்திக்கொண்டாள்.

"நான் கீழூருக்குப் போய் அக்கா வீட்டுல தங்கிட்டு நாளைக்கு வர்றேன். சொந்தக்காரங்க கேக்கறப்ப நான் உள்ள இருக்கக் கூடாது."

"எப்பங்க நிறுத்தோணும்?"

"அப்பப்ப ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாருங்க. இனிப்பு எறங்கி, பாக்கு மென்ன மாதிரி நாக்கை இழுக்கும். துவர்த்துச்சுன்னா தக்கைய அடைச்சிருங்க. அதுக்கப்புறம் வர்றது சாறில்ல."

"பின்ன என்னதுங்க?"

"சக்கைய மாட்டுக்கு வெச்சிருங்க" என்றாள். மேகம் அவளை எடுத்துக்கொண்டது.

நாச்சிமுத்து தக்கையைத் தளர்த்தினார். கலங்கல் விழுந்தது. சந்தை இரைச்சல் போல ஒரே பேச்சுச் சத்தம், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. காதைப் பொத்திக்கொண்டு அதை மொண்டு மொண்டு மேலே ஊற்றினார். இரைச்சல் அடங்கியது. சாறு தெளிந்து, பொன்னிறமாக நூல் பிடித்து விழுந்தது.

"அண்ணா."

அவர் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. பாவாத்தாளேதான். மூக்கடைத்த மாதிரிப் பேசுகிற அதே குரல், அவர் காதோரமாக. நாச்சிமுத்து பானை பக்கத்தில் மண்டியிட்டுக் குழந்தை மாதிரி அழுதார்.

"அண்ணா… மயிலைக்குத் தண்ணி காட்டிரு."

அவர் காத்திருந்தார். சாறு விழுந்தது. தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. மேலே சுடுநீர் தெளித்தார். மறுபடியும் தண்ணீர்ச் சத்தம்தான். ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். இனிப்பு இறங்கியிருந்தது. நாக்கின் ஓரம் லேசாக இழுத்தது.

தக்கையின் மேல் கையை வைத்தார். மாட்டைப் பற்றியா கேட்க வந்தோம்! இத்தனை மழையில் விறகு பிளந்தது இதற்கா? கையை எடுத்துவிட்டார். அடுப்பில் இன்னொரு அண்டாத் தண்ணீரை ஏற்றினார்.

"பாவா, எம்மேல கோவமா?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றினார்.

சாறு வெளிறி விழுந்தது. வெகுநேரம் கழித்து, மெல்லியதாக வந்தது. "கோவமில்லண்ணா."

பார்த்தாயா, இன்னும் இருக்கிறது! அகப்பையை உள்ளே விட்டுத் தானியத்தைக் கிளறினார். கிளறவே கூடாது என்று மாதி சொல்லியிருந்தாள். அது நினைவுக்கு வந்தது, போயும் விட்டது. சாம்பல் நிறத்தில் ஒழுகியது.

"காதுகுத்துக்கு நான் வரலையே?"

"உனக்குக் கடைசியாச் சொன்னது எந் தப்புண்ணா."

பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடத் தன் தப்பு என்று ஒப்புக்கொண்டவளில்லை அவள். நாச்சிமுத்துவுக்கு அது உறைக்கத்தான் செய்தது. ஆனால் காதில் தேன் பாயும்போது யார் யோசிப்பார்கள்? செத்தால் புத்தி வரும்போல என்று நினைத்துக்கொண்டார்.

வெளியே பசு கத்தியது. குரல் காதில் விழவிடாமல் கத்திக்கொண்டே இருந்தது. நாச்சிமுத்துவுக்கு எரிச்சலாக வந்தது. கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கைத் திணித்தார். பிறகும் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. நல்லவேளை என்று அடுப்பை ஊதினார்.

எப்போது இருட்டியது, எப்போது வெளுத்தது என்று அவருக்குத் தெரியாது. ஊற்றினார், கேட்டார், ஊற்றினார். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. ஆள் அனுப்பியது சும்மா, வராவிட்டாலும் பரவாயில்லை என்று வந்தது. உழவு முக்கியமில்லையா என்று வந்தது. பையன் மரியாதை தெரியாதவன் என்றுகூட வந்தது. கேட்கக் கேட்க அவருக்கு மனம் குளிர்ந்தது.

"இந்தா பாருண்ணா" என்றது குரல். "நீ ஒண்ணுந் தப்புப் பண்ணல."

நாச்சிமுத்துவின் கை அந்தரத்தில் நின்றது.

பாவாத்தாள் ஒருநாளும் 'இந்தா பாரு' என்று பேசியதில்லை.

மேலே ஊற்றுவதை நிறுத்தினார். ஒழுக்கு மெலிந்தது, சொட்டாயிற்று, நின்றது. கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. பானையில் சாம்பல் நிறத் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"இந்தா பாருண்ணா, நீ ஒண்ணுந் தப்புப் பண்ணல" என்றது குரல் மறுபடியும்.

அவர் மெதுவாகக் கையைத் தூக்கித் தன் உதட்டைத் தொட்டார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"அண்ணா!"

அலறிவிட்டார். கதவிடுக்கிலிருந்த சாக்கு விழ, கதவைத் தள்ளிக்கொண்டு மாதி நின்றாள். அவளுக்குப் பின்னால் வெள்ளையாகப் பகல்.

அவள் உள்ளே வந்தாள். பானையில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்து, உடனே துப்பினாள். வெறும் உமியாகிக் கிடந்த தொட்டியைப் பார்த்தாள்.

"எல்லாஞ் சொன்னாளுங்க அம்மிணி" என்றார் நாச்சிமுத்து. அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "கோவமில்லன்னா. தப்பெல்லாம் அவ மேலன்னா. கடைசில… கடைசில அது அவ இல்லீங்க."

"மொதல்ல என்ன சொன்னாங்க?"

"மொதல்லயா? அது ஒண்ணுமில்லீங்க."

"என்ன சொன்னாங்க?"

"மயிலைக்குத் தண்ணி காட்டச் சொன்னா."

மாதி கதவை முழுக்கத் திறந்தாள். மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. முளைக்குச்சியில் கட்டியிருந்த பசு, கயிறு எட்டும் மட்டும் இழுத்துக்கொண்டு, ஓடைச் சத்தம் வரும் பக்கமாக நின்றிருந்தது. துணி இல்லாத கழுத்தைக் கயிறு அறுத்து, சுற்றிலும் சிவந்திருந்தது. கத்தவில்லை. நாக்கு வெளியே தொங்கியது. அந்தப் பெரிய கண்கள் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தன.

நாச்சிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு அது மட்டுந் தெரிஞ்சாப் போதும், அம்மிணி. மாட்டைத் திருப்பி விட்டெறிஞ்சாளா, ஒப்படைச்சாளா? நீங்களாவது சொல்லுங்க. என்னை மன்னிச்சாளா இல்லையா?"

மாதி கொடியிலிருந்து சீலைத்துணியை எடுத்து உதறினாள். ஒட்டியிருந்த காய்ந்த வேர்கள் உதிர்ந்தன. துணியை அவர் தோளில் போட்டாள். மூலையில் கிடந்த வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"தண்ணி காட்டினீங்களாண்ணா?" என்று கேட்டாள்.